ஏணிக்காக வேண்டிக்கொண்ட காவடி

எங்கள் தெருவில் ஒருவர் நடப்பதைப் பார்த்தே அவர் என்ன வேலையில் விழுந்தவர் என்று சொல்லிவிடலாம். ஓடு மாற்றுகிறவர்கள் கூரைச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி வருவார்கள். அவர்களுக்கு இடுப்பு போயிருக்கும். தச்சர்கள் கையை ஊன்றி விழுவார்கள்; மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருக்கும். வெள்ளையடிக்கிறவர்களுக்குக் கால். ஏணி சரிகிறது என்று தெரிந்ததும் குதிக்கப் பார்ப்பார்கள், பாதிக் குதியிலேயே தரை வந்துவிடும். திருத்தணியில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் தரையில் நிற்கிறவர்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் வெள்ளையடிக்கிறவர்தான். என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னால் பாவா என்று கூப்பிட்டேன், பின்னாலும் அதையே கூப்பிட்டேன். வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். சுண்ணாம்புக் கல்லை நீற்றி, நீலம் கலந்து, துணியில் வடிகட்டிச் சட்டியில் ஏந்திக் கொடுப்பது என் வேலை. மூங்கில் ஏணியில் நின்று நார் மட்டையால் சுவரில் அடிப்பது அவர் வேலை.

அது யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் அலைந்தோம். ஆனால் ஆடிக் கிருத்திகை மட்டும் எப்போதும்போல வந்தது. காவடி எடுத்து வருகிற ஜனங்கள் தங்குவதற்கு மலையடிவாரத்து வீடுகளில் எல்லாம் இடம் விடுவார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். எல்லாரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வருஷத்தில் வேலை குவிகிற வாரங்கள் அவைதான்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் ஆண்களும் அதே கிருத்திகைக்குத்தான் காவடி எடுப்பார்கள். மாலை போட்டால் ஒரு பொழுதுதான் சாப்பாடு. அதுவும் வேலை முடிந்து, குளித்து, பூசை செய்த பிறகு. அதுவரை சிலர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஏணி வேலை அதிகமாக இருக்கிற அதே வாரங்களில் ஏணியில் நிற்கிறவனுடைய வயிறு காலியாக இருக்கும். இதை யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் எத்தனையோ கால்கள் தப்பித்திருக்கும். சாமி காரியத்தில் யோசிப்பது தப்பு என்று விட்டுவிட்டார்கள்.

இவருக்கு அந்தக் காவடியை வேண்டிக்கொண்டது என் அத்தை, அதாவது மாமியார். முந்தின வருஷம் ஒரு வீட்டில் ஏணி சறுக்கி, இவர் உத்திரத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தார். அன்றைக்கே அத்தை மலையைப் பார்த்துக் கும்பிட்டு, என் பிள்ளை ஏணியிலிருந்து விழாமல் இருக்க வேண்டும், அடுத்த ஆடிக்கு அவனைக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மாலை போட நாள் பார்த்ததும் அவள்தான். நான் மாதவிலக்கில் வீட்டுக்குத் தூரமாகிக் கொல்லைச் சாய்ப்பில் இருந்து, தலைக்குக் குளித்து உள்ளே வந்த மறுநாள் அவருக்கு மாலை போட்டாள். எனக்கு அடுத்தது வருவதற்குள் காவடி முடிந்துவிடும் என்பது அவள் கணக்கு. தூரமானவள் தொட்டால் மாலை போட்டவன் விரதம் முறிந்தது, மாலையைக் கழற்றிவிட வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆக, ஏணியிலிருந்து விழாமல் இருப்பதற்காக எடுத்த விரதம் அது. அந்த விரதத்தில்தான் அவர் விழுந்தார்.

நெல் மண்டிக்காரர் ஒருவருடைய வீடு. கூடத்துச் சுவர் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். அந்த வீட்டம்மாள் தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். ஏணிக் காலுக்கு அடியில் கோணியை மடித்துப் போட்டிருந்தோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் சட்டியை நீட்டியபோது வாங்கிய கை நடுங்கியதைப் பார்த்தேன்.

"கண்ணு இருட்டிக்கினு வருதுமே" என்றார்.

"எறங்கு பாவா. எறங்கி ஒரு முழுங்கு தண்ணி குடி."

"இந்த மூலை மட்டும்தான். முடிச்சிட்டு எறங்கறேன்."

மூலை முடியவில்லை. சொட்டிய சுண்ணாம்பில் கோணி நனைந்து தரையோடு வழுக்க ஆரம்பித்திருந்தது. ஏணியின் கால் பின்னால் நகர்வதைப் பார்த்தேன். பிடிக்க ஓடினேன், எட்டவில்லை. எல்லாரையும் போல அவரும் குதித்தார். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து உடைத்தால் வருகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஏணி விழுந்தது.

வலது கால், முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். வலது மணிக்கட்டும் வீங்கத் தொடங்கியது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வாயைத் திறந்து மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "உசிரு இருக்குதா பாரு. கிருத்திகைக்கு ஜனங்க வந்து தங்கற வூடும்மா இது. இங்க ஒண்ணும் ஆயிடக் கூடாது" என்றாள். மீதிச் சுண்ணாம்பை அவள் தலையில் கவிழ்த்தால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவளேதான் மோர் கொண்டுவந்து குனிந்து அவர் வாயருகே வைத்தாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இன்னும் பூசை ஆவலை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் இரண்டாகிக் கிடக்கிறது, இவருக்குப் பூசை.

வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். முஸ்லிம் மனிதர், அந்த வீட்டுக்கு எப்போதும் பாரம் கொண்டுவருகிறவர். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா செய்வாங்களோ தெரியாது. புத்தூருக்குக் கூட்டிக்கினு போயிடும்மா. மத்தியான வண்டி இருக்குது" என்றார்.

புத்தூர்க் கட்டு என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ரயிலில் போனால் பொழுதோடு போய்ச் சேர்ந்துவிடலாம். முறிந்த எலும்பை இழுத்து நேராக்கி, பச்சிலையை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துத் துணியில் பூசி, மூங்கில் பட்டை வைத்துச் சுற்றிக் கட்டுவார்கள். காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிடும். எங்கள் தெருவில் நேராக நடக்கிறவர்கள் எல்லாம் அங்கே போய் வந்தவர்கள்.

"புத்தூர் வேணாம்" என்றார் இவர். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஏன் வேணாம்?"

"முட்டை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்தில் மாலை இருக்கிறது. கவிச்சி வாயில் படக் கூடாது, உடம்பிலும் படக் கூடாது. கிருத்திகைக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை இப்படியே கிடந்தால் கால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். கோணலாகச் சேரும், இல்லாவிட்டால் அழுகும். இரண்டில் எது நடந்தாலும் இவர் திரும்ப ஏணியில் ஏற மாட்டார். வேறு வேலை இவருக்குத் தெரியாது.

"முட்டை இல்லாம கட்டச் சொல்றேன். வா பாவா" என்றேன். பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்படியும் ஒரு வழி இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அதற்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார். அவரைத் தள்ளிய ஏணியையே கீழே போட்டு, மேலே கோணி விரித்து, அதில் அவரைப் படுக்கவைத்தோம். பாயும் மண்டி ஆட்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். நான் பக்கத்தில் காலைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் இறந்துபோனவர் என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கும்பிட்டார்.

யார் போய்ச் சொன்னார்களோ, அத்தை ஸ்டேஷனுக்கு ஓடி வந்துவிட்டாள். மகனைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டாள். ஆனால் கழுத்தில் மாலை இருக்கிறதா என்று பார்க்கவும் தவறவில்லை. "முட்டை படாம கட்டச் சொல்லு. இந்த மாலைதான் அவன் உசிரைக் காப்பாத்தி இருக்குது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். அவள் எங்களோடு வரவில்லை. மாலை போட்ட வீட்டில் ஏற்றிய விளக்கு அணையக் கூடாது, எண்ணெய் விட ஆள் வேண்டும். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அந்த விளக்கை நம்பினாள், அவ்வளவுதான்.

வண்டி வருவதற்குள் பாய் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. எங்க அண்ணனுக்கு அங்கதான் கை கட்டினாங்க. முட்டை இல்லாட்டி பச்சிலை புடிக்காது. காஞ்சதும் உதுந்துடும். அவரு ஒத்துக்கலைன்னா போயும் பிரயோஜனம் இல்ல" என்றார். நான் ஆங் என்று மட்டும் சொன்னேன். 

ரயிலில் கால் வைக்க இடமில்லை. பட்டாளத்துக்காரர்கள் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு ஏறிக்கொண்ட பாய் கெஞ்சிக் கேட்டதும் எழுந்து தரையில் கொஞ்சம் இடம் விட்டார்கள். ஏணியை மேடையிலேயே சாத்திவிட்டு அவரைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பாய் கால்மாட்டில் உட்கார்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் முறிந்த காலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்.

"பாவா, முட்டை இல்லாம கட்ட முடியாதாம்" என்றேன்.

"அப்படின்னா அடுத்த ஸ்டேஷன்ல எறக்கி திருப்பி இட்டுக்கினு போ."

"கால் போயிடும்."

"போனா போவட்டும். அம்மா வேண்டிக்கின்னது. மாலையோட கவிச்சியைத் தொட்டா குடும்பத்துக்கே ஆவாது. காவடி முடிஞ்சதும் கட்டிக்கலாம்."

"காவடியை எந்தக் காலால மலை ஏறித் தூக்குவே?"

 அவர் பிடிவாதக்காரர் இல்லை. நான் ஒரு சொல் உயர்த்திப் பேசினால் போதும், எந்த விஷயத்திலும் விட்டுக்கொடுத்துவிடுவார். இதில் மட்டும் அவர் பயந்தார். பயந்தவரிடம் நியாயம் பேச முடியாது. பாய் என்னைப் பார்த்துக் கண்ணால் காலைக் காட்டினார். கட்டைவிரல் வெளுத்திருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஏகாம்பரகுப்பம் தாண்டும்போது விரல் நகங்கள் நீலம் பாரிக்கத் தொடங்கின.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாமி மேல், அத்தை மேல், இவர் மேல், பளபளவென்று தரையைத் தேய்த்து வைத்த அந்த வீட்டம்மாள் மேல். இன்னும் இரண்டு ஸ்டேஷனில் புத்தூர் வந்துவிடும். அதற்குள் இவர் கழுத்தில் இருக்கிற மாலை இல்லாமல் போக வேண்டும். நானாகப் பிடுங்கினால் கையைத் தட்டிவிடுவார். அது தானாக முறிந்துபோனதாக இருக்க வேண்டும். அப்படி முறிய எங்களுக்குத் தெரிந்து இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, வீட்டில் சாவு விழ வேண்டும்.

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன். "பாவா, நான் தூரமாயிட்டேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "இன்னா சொன்னே?"

"தூரமாயிட்டேன். நீ விழுந்தப்போ அதிர்ச்சியில வந்துடுச்சு. சொல்ல பயமா இருந்துச்சு."

"அப்போலருந்து என்னைத் தொட்டுக்கினு இருக்கியா?"

"ஆங்."

"நெசமா?"

"சாமி மேல சத்தியமா" என்றேன். சத்தியம்கூடச் செய்தேன். அதற்காக நான் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை. சாமிக்கு என் மேல் கோபம் இருந்தால் என்னைக் கேட்கட்டும், அவர் காலைக் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் தலையை என் மடியிலிருந்து நகர்த்தப் பார்த்தார். முடியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை. தொட்டால் இன்னும் தீட்டு என்று நினைப்பாரே என்று கையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் என் பொய்யை நானே நடித்தேன். 

கட்டுப் போடுகிறவர் வயதானவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். காலைப் பார்த்தார், விரல்களை அழுத்திப் பார்த்தார், பிறகு கழுத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"மாலை போட்டிருக்கீங்க. என் மருந்துல முட்டை இருக்குதுங்க. தெரிஞ்சுதான் வந்தீங்களா? நீங்க உங்க வாயால சரின்னு சொன்னாத்தான் நான் கை வெப்பேன்" என்றார்.

எல்லாரும் என் வீட்டுக்காரர் வாயைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் அம்மியில் பச்சிலை அரைத்துக்கொண்டிருந்தாள்.  இவர் வேண்டாம் என்று சொன்னால் இங்கேயே இவரை ஒரு அறை விடுவேன் என்று நினைத்தேன்.

"மாலை முறிஞ்சிடுச்சுங்க" என்று நானே ஆரம்பித்தேன். "அவரால கழட்ட முடியல. கை வீங்கி இருக்குது."

தலையை மெல்லத் தூக்கி ருத்திராட்ச மாலையைக் கழற்றினேன். ஒரு மணி முடியில் சிக்கிக்கொண்டது, அதைப் பொறுமையாக எடுத்தேன். கழற்றியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் வைத்து முடிந்தேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை வெறுப்பு என்று நினைத்தேன்.

"கட்டுங்க" என்றார் அவர்.

பாய் தோளைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் குதிகாலைப் பிடித்து இழுத்தார். ஏணியிலிருந்து விழுந்தபோது கத்தாதவர் அப்போது கத்தினார்.  முட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. பச்சை வாடையும் கவிச்சி வாடையும் கலந்து வந்தது. கட்டி முடித்துக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பெரியவர் என்னைக் கூப்பிட்டு விரலைத் தொடச் சொன்னார். சூடு திரும்பியிருந்தது.

அதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலிலேயே மகன் கழுத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று நான்தான் சொன்னேன்; ரயிலில் சொன்ன அதே பொய்யைச் சொன்னேன். அத்தை உடனே கொல்லைச் சாய்ப்பைக் காட்டினாள். தூரமாகாமலே சாய்ப்பில் போய் உட்கார்ந்தேன். பாதி நாள்கூட ஆகவில்லை, அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். விழுந்தபோது வந்ததாம். அதெப்படி, வந்ததால்தான் விழுந்திருக்கிறான்.

"தூரத்தோட ஏணியடியில நின்னா ஏணி நிக்குமா? சொல்லிட்டு ஒதுங்கி இருக்கக் கூடாதா? எம் புள்ளையைத் தள்ளினது நீதான்" என்றாள்.

தெருவெல்லாம் அது பரவியது. அந்த வருஷம் முழுக்க நான் புருஷனை ஏணியிலிருந்து விழவைத்தவள். வெள்ளையடிக்கக் கூப்பிடுகிற வீடுகளில், "உங்க அத்தையை அனுப்பு, பூசை ரூம் இருக்குது" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அத்தை விளக்கேற்றும்போது நான் அந்தப் பக்கம் வந்தால் கையால் மறைத்துக்கொள்வாள். பிறத்தியார் பேசினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அத்தையோடு மட்டும் சண்டை போடுவேன். எவ்வளவு சண்டை போட்டாலும் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் இவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். ஒரு தடவைகூட, விடும்மா என்று அத்தையிடம் சொன்னதில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. ஆனால் விரதத்தைக் கெடுத்தவள் என்று என்னை வெறுக்கிறார் போலிருக்கிறது, வெறுக்கட்டும், காலோடு இருந்து வெறுக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கட்டை மாற்ற இன்னும் சில தடவை புத்தூர் போய் வந்தோம். தீபாவளிக்குக் கோல் ஊன்றி நடந்தார். பொங்கல் வேலைக்கு ஏணி ஏறினார். கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு குடிக்காமல் ஏணியைத் தொட விடமாட்டேன் என்று நான் படியின் குறுக்கே நின்றுவிடுவேன். தரை வழவழப்பாக இருந்தால் ஏணிக் காலை நானே கட்டிப் பிடித்துக்கொள்வேன். சுண்ணாம்பு தலையில் சொட்டும், சொட்டட்டும்.

அடுத்த ஆடி வந்தது. நின்றுபோன காவடியை எடுத்தாக வேண்டும் என்றாள் அத்தை. மாலை போட்டால் அந்த வாரங்களில் ஏணி கிடையாது, ஏணி வேண்டுமானால் மாலை கிடையாது, இரண்டில் ஒன்று என்றேன். வேலை குவிகிற காலம், விட்டால் வயிற்றில் அடிக்கும். அவர் யோசிக்கக்கூட இல்லை, சரி என்று மாலை போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். அத்தை இந்தத் தடவை எந்தக் கணக்கையும் நம்பவில்லை. என்னைப் பள்ளிப்பட்டில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கிருத்திகை அன்று காலையில்தான் திரும்பி வந்தேன்.

அபிஷேகத்துக்குப் பால் சொம்பு ஒன்று கொண்டுபோக வேண்டும். நான் எடுக்கப் போனேன். அத்தை சட்டென்று அதை இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ தொடாதே. போன தடவை பட்டது போதும்" என்றாள். குளித்து, புதுப் புடவை கட்டி, ஈரத் தலையோடு நின்றிருந்தேன். சுற்றிலும் சொந்தக்காரர்கள். 

மலையில் படி தெரியாமல் கூட்டம். அத்தை பால் சொம்போடு முன்னால் போனாள். இவர் தோளில் பூக்காவடி, நான் பின்னால். பாதி வழியில் ஒரு மண்டபத்தில் மூச்சு வாங்க நின்றார். காவடியைத் தோளிலிருந்து இறக்காமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு ரயில்ல நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்."

கூட்டம் அரோகரா என்று கத்திக்கொண்டு போனது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்போ தெரியும்?"

"கட்டு போடறதுக்கு முன்னாடியே. மாலையைக் கழட்டி கண்ணுல ஒத்திக்கினியே. தூரமா இருக்கிறவ அதைத் தொடுவாளா?"

நான் செய்தது எனக்கே நினைவில்லை. கை பழக்கத்தில் செய்திருக்கிறது. அதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் கட்டுங்க என்று சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஏன் வாயை மூடிக்கினு இருந்தே?"

"எனக்கும் கால் வேணும்னுதான் இருந்துச்சு. வேணும்னு என் வாயால கேக்க பயமா இருந்துச்சு. நீ ஒண்ணு சொன்னே. நான் அதைப் புடிச்சிக்கினேன்."

"சரி, கால் வந்துடுச்சு. அதுக்கப்புறம்? ஒரு வருஷமா ஊரே என்னைப் பேசிச்சே?"

"உண்மை தெரிஞ்சா, விரதத்தை முறிச்சவன் நான்னு ஆயிடுமே."

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. இவர் வெறுக்கிறார் என்று நினைத்து ஒரு வருஷம் வெந்தேன். இவர் வெறுக்கவில்லை, ஒளிந்துகொண்டிருந்தார், என் பின்னால். நான் மண்டபத்துத் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தையைக் கூப்பிடு. கூப்பிட்டு இதைச் சொல்லு. சொல்லிட்டு ஏறு. சொல்லலைன்னா நான் இங்கயே இருக்கேன், நீ உன் காவடியோட போ."

"இந்தக் கூட்டத்துலயா?"

"வேற எங்க? என்னைப் பேசினதும் கூட்டம்தானே."

அவர் நின்றார். பின்னால் வருகிறவர்கள் நகரு நகரு என்றார்கள். தோளில் காவடி ஆடியது. அவர் அவ்வளவு உரக்கக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதை முதல் தடவையாகக் கேட்டேன். "அம்மா" என்று கூப்பிட்டார். அத்தை திரும்பிப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, கூட்டத்தை எதிர்த்து இறங்கி வந்தாள்.

"அன்னிக்கு இவ தூரமாவலை. என் காலுக்காக பொய் சொன்னா. எனக்குத் தெரிஞ்சேதான் மாலையைக் கழட்ட விட்டேன். நான் விழுந்தது பசியால. இவளால இல்ல" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

அத்தை மகனைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

"பொய் சொல்லி சாமி மாலையை அவுத்தவ நீ. அதுக்கு சாமிகிட்ட நீயே பதில் சொல்லிக்கோ" என்றாள்.

சொல்லிவிட்டுப் பால் சொம்பை என் பக்கம் நீட்டினாள். "இந்தா, புடி. நீயே ஊத்து."

நான் எழுந்து வாங்கிக்கொண்டேன்.  சொம்பு விளிம்பு வரை பால் இருந்தது. கோபம் தீரவில்லை, அன்றைக்குத் தீரவே இல்லை. ஆனால் சிந்தாமல் மீதிப் படிகளை ஏறினேன். பின்னால் அவர் ஏறி வருவது கேட்டுக்கொண்டே இருந்தது. வலது காலும் இடது காலும் ஒரே மாதிரி படியில் விழுந்தன.